இரண்டு முக்கோணம் போட்ட ரேடியோ

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா எனக்கு ஒரு ரேடியோ கொடுத்தார். 1954ல், கல்யாணமான புதிதில் அவரும் அவர் கணவரும் வாங்கியது. வால்வு செட். குமிழைத் திருகியதும் பேசிவிடாது. உள்ளே வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்து வர அரை நிமிடமாவது ஆகும். சூடேறிய தூசியின் வாசனை முதலில் வரும். அதற்குப் பிறகுதான், தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல, குரல் வரும்.

அதன் எண் பட்டையில் 640க்குப் பக்கத்தில் ஒன்று, 1240க்குப் பக்கத்தில் ஒன்று என்று சின்னச் சின்னதாய் இரண்டு முக்கோணங்கள். அழகுக்காகப் போட்டது என்றுதான் நினைத்திருந்தேன். "குண்டு போட வந்தால் அங்கே திருப்ப வேண்டும்" என்றார் அந்த அம்மா. பால் பொங்கினால் அடுப்பை அணைக்க வேண்டும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்.

சோவியத் விமானங்கள் வரும் என்ற பயம் இருந்த காலம் அது. வானொலி நிலையத்தின் அலையைப் பிடித்துக்கொண்டே ஒரு விமானம் அந்த ஊருக்கு வழி கண்டுபிடித்து வந்துவிட முடியும். அதனால் 1951ல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஆபத்து என்றால் எல்லா நிலையங்களும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட சில நிலையங்கள் மட்டும் இந்த இரண்டு எண்களில் மாறி மாறிப் பேசும். 1953 முதல் பத்து வருடம் அங்கே விற்ற ஒவ்வொரு ரேடியோவிலும் இந்தக் குறி இருந்தாக வேண்டும். ஐம்பதுகளின் அமெரிக்கா என்றால் பளபளக்கும் கார், புதுக் குளிர்பதனப் பெட்டி என்றுதான் படங்களில் பார்த்திருப்போம். அந்தச் சமையலறை அலமாரியின் மேலேயே இந்த முக்கோணங்களும் உட்கார்ந்திருந்தன.

அந்த அம்மா பிறந்து வளர்ந்தது நெப்ராஸ்காவில், சோளக்காட்டு நடுவில். 1935ல் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம். இவர்கள் வீட்டிலும் இல்லை. ஆனால் ரேடியோ இருந்தது. கூரை மேல் ஒரு சின்னக் காற்றாடி. அது சுற்றினால் பேட்டரி ஏறும். காற்று அடிக்காத வாரத்தில் அப்பா கணக்குப் போட்டுத்தான் ரேடியோவைத் திறப்பாராம். தானிய விலை, செய்தி, அம்மாவுக்காக ஒரு தொடர் நாடகம், அவ்வளவுதான். சோப்புக் கம்பெனிகள் காசு கொடுத்து நடத்திய பகல்நேர நாடகங்கள் அவை. சோப் ஓபரா என்ற பெயரே அப்படி வந்ததுதான். அதில் ஒன்று 1933ல் தொடங்கி 27 வருடம் ஓடியது. மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகிப் போன பிறகும் அம்மா அதே குடும்பத்தின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்றால் பாருங்கள்.

1933 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை இரவு. வங்கிகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன. போட்ட பணம் திரும்பி வருமா என்று தெரியாமல் நாடே கலங்கியிருக்கிறது. பதவியேற்று எட்டே நாளான ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒலிவாங்கிக்கு முன் வந்து உட்காருகிறார். வங்கி எப்படி வேலை செய்கிறது, நீங்கள் போடும் பணத்தை அது என்ன செய்கிறது என்று கால் மணி நேரம்கூட ஆகாத ஒரு பேச்சு. மேடை முழக்கம் கிடையாது. வீட்டுக்கு வந்த பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல. மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியதும் மக்கள் வரிசையில் நின்றார்கள், எடுத்து ஒளித்து வைத்த பணத்தைத் திரும்பப் போடுவதற்கு! வானொலியில் பேச அழைக்கப்படும் போதெல்லாம் எனக்கு அந்தப் பதின்சொச்ச நிமிடங்கள்தான் ஞாபகம் வரும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1945 ஜூலையில் நியூயார்க்கில் பத்திரிகை விநியோகிப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சித்திரக்கதை இல்லாமல் பிள்ளைகள் ஏமாந்து போய்விடுவார்களே என்று நகர மேயர் லகார்டியா மாநகர வானொலி நிலையத்துக்கே வந்து, கட்டம் கட்டமாக அதை வாசித்தார். திருடனுக்கு ஒரு குரல், துப்பறிவாளனுக்கு ஒரு குரல். படத்தை வார்த்தையால் காட்டினார். யுத்தம் இன்னும் முடியவில்லை. ஒரு பெரிய நகரத்தின் மேயருக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லாமலா இருந்திருக்கும்?

பிறகு டெலிவிஷன் வந்தது. 1950ல் பத்து வீட்டில் ஒன்றில்கூட இல்லாதது, 1960க்குள் பத்துக்கு ஒன்பது என்ற அளவை நெருங்கிவிட்டது. ரேடியோ கூடத்திலிருந்து சமையலறைக்கும் காருக்கும் போனது. 1954ல் சட்டைப்பையில் அடங்கும் டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது, விலை 49 டாலர் 95 சென்ட். பையன்கள் காதுக் குழலின் வயரைச் சட்டைக் கைக்குள் விட்டு, கன்னத்தில் கை வைத்தபடி, வகுப்பிலேயே பேஸ்பால் கேட்டார்கள்.

இரவில் மத்திய அலை வெகுதூரம் போகும் என்பது நமக்கும் பழக்கமானதுதான். அமெரிக்காவின் தெற்கே மெம்பிஸ் நகரில் டபிள்யூ.டி.ஐ.ஏ. என்று ஒரு நிலையம். 1948ல் கறுப்பின அறிவிப்பாளர் ஒருவரை ஒலிவாங்கி முன் உட்கார வைத்தது. அடுத்த வருடமே நிகழ்ச்சிகள் எல்லாமே கறுப்பின மக்களுக்கானவை ஆயின. ப்ளூஸ் பாடகர் பி.பி. கிங் பெயர் எடுப்பதற்கு முன் அங்கேதான் வேலை பார்த்தார். 1954ல் அதன் சக்தி 50,000 வாட் ஆனது. அந்த ஊர்ப் பேருந்தில் வெள்ளையருக்கு முன்னால் இடம், கறுப்பருக்குப் பின்னால் இடம். தண்ணீர்க் குழாயும் தனித்தனி. ஆனால் ராத்திரியில் குமிழைத் திருப்புகிற விரலுக்கு அந்தக் கோடு எங்கே போட முடியும்? வெள்ளைக்காரப் பிள்ளைகள் போர்வைக்குள் ரேடியோவை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டார்கள். பழைய நாட்களை எல்லாரும் இனிப்பாகவே நினைத்துவிட முடியாது. முன் இருக்கையில் உட்கார விடாதவர்களிடம் போய் அந்தக் காலம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பாட்டு மட்டும் வேலி தாண்டிப் போனது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்.

முக்கோண ஏற்பாடு 1963ல் முடிவுக்கு வந்தது. அந்த 640 முள்ளுக்கு ஒருநாளும் வேலை வரவில்லை. சனிக்கிழமை இரவுகளில் நான் அந்த ரேடியோவைப் போட்டு, சூடேறும்வரை காத்திருந்து, முள்ளை அந்த முக்கோணத்திலிருந்து ஒரு மயிரிழை வலப்பக்கம் நகர்த்துவேன். 650. நாஷ்வில் நகரத்து நிலையம். 1925ல் தொடங்கிய சனிக்கிழமைக் கச்சேரி, இரைச்சலுக்கு நடுவே பிடில் சத்தத்தோடு மெல்ல மேலே வரும். வேலிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா ஜன்னலைத் திறந்து வைப்பார்.