தனிமைக்கு யாரைக் கூட்டிப் போவது?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம்.

ஆளில்லாத தீவில் கொண்டுபோய் விட்டால் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போவாய் என்ற கேள்வி நமக்குப் புதிதில்லை. பி.பி.சி. வானொலி 1942இல் இதை வைத்தே ஒரு நிகழ்ச்சி தொடங்கியது, இன்றும் நடக்கிறது. அடிப்படையில் அது இசைத்தட்டு நிகழ்ச்சி. ஆனால் பைபிளும் ஷேக்ஸ்பியரும் தீவில் ஏற்கெனவே இருப்பதாக வைத்துக்கொண்டு, கூட ஒரு புத்தகமும் விருந்தினர் கேட்டுக்கொள்ளலாம். நம் அமைப்பாளர்கள் கேள்வியை மாற்றி, மூன்று எழுத்தாளர்களின் முழுத்தொகுப்புகளைக் கேட்டிருக்கிறார்கள். பார்க்கச் சின்ன மாற்றம்தான். நான் பேச வந்ததே அந்த மாற்றத்தைப் பற்றித்தான்.

நிஜமாகவே ஒரு முழுத்தொகுப்பு தீவுக்குப் போயிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு எதிரே கடலில் இருக்கிறது ராபன் தீவு. நெல்சன் மண்டேலா 18 ஆண்டுகள் சிறையிருந்த இடம். 1970களில் அங்கே கைதியாக இருந்தவர் சன்னி வெங்கட்ரத்னம். டர்பன்காரர், இந்திய வம்சாவளி. அவரிடம் ஷேக்ஸ்பியரின் முழுத்தொகுப்பு ஒன்று இருந்தது. காவலர்கள் பிடுங்கிவிடக் கூடாதே என்று, சாமி படம் போட்ட தீபாவளி வாழ்த்து அட்டைகளை எடுத்து அதன் மேல் ஒட்டினார். இது என் சமய நூல் என்றார். அப்புறம் யாரும் அதில் கை வைக்கவில்லை. விடுதலையாகும் முன் அந்தப் புத்தகத்தைச் சக கைதிகளிடம் சுற்றுக்கு விட்டு, அவரவருக்குப் பிடித்த வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போட்டார்கள்.

மண்டேலா கையெழுத்திட்டது 1977 டிசம்பர் 16 அன்று. சாகும் முன்பே பலமுறை சாகிறான் கோழை, வீரனுக்கு ஒரே ஒரு சாவு என்று ஜூலியஸ் சீசர் சொல்லும் இடம். அதை நாம் எதிர்பார்க்கலாம். வால்டர் சிசுலு எடுத்தது யூதன் ஷைலக் சொல்வது: பொறுத்துப் போவதே எங்கள் இனத்தின் அடையாளமாகிவிட்டது என்று வருகிற வரிகள். கோவன் ம்பெக்கி எடுத்தது காதலுக்கு இசையே உணவென்றால் வாசித்துக்கொண்டே இருங்கள் என்பதை. ஆயுள் தண்டனைக் கைதி, நாள் முழுக்க அரசியல் பேசுகிற மனிதர், காதலும் இசையும் இருக்கிற பக்கத்தில் போய் நிற்கிறார்!

என்னை நிறுத்தி வைத்தது பில்லி நாயரின் தேர்வு. அவரும் டர்பன்காரர், அந்தத் தீவில் இருபது ஆண்டுகள் இருந்தவர். ‘புயல்’ நாடகத்தில் கலிபன் என்ற அடிமை தன் எஜமானைப் பார்த்துப் பேசும் இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இந்தத் தீவு என்னுடையது, என் தாய்வழி வந்தது, நீ பறித்துக்கொண்டாய் என்பது அதன் பொருள். ராபன் தீவில் உட்கார்ந்துகொண்டு அதைப் படித்தால் எப்படி இருந்திருக்கும்! ஷேக்ஸ்பியரின் சிறந்த பகுதிகள் என்று யாராவது பொறுக்கி ஒரு நூறு பக்கத்தில் தந்திருந்தால், பொறுக்கியவருக்கு கலிபனின் அந்த முறையீடு கண்ணில் பட்டிருக்குமா என்பது சந்தேகம். பட வேண்டிய தேவை அவருக்கு இல்லை, பில்லி நாயருக்கு இருந்தது. முழுத்தொகுப்பு என்றால் நமக்காக யாரும் எதையும் விலக்கி வைக்கவில்லை என்று அர்த்தம்.

அதனால் என் அளவுகோல் இதுதான். அந்த எழுத்தாளரின் சுமாரான பக்கங்களோடும், கடிதங்களோடும், பாதியில் நின்றதோடும் என்னால் குடியிருக்க முடியுமா? முடியும் என்றால் அவர் வரட்டும். உச்சங்களை மட்டும் படிக்க வேண்டும் என்றால் அதற்கு ஊரிலேயே நேரம் இருக்கிறது.

முதலில் புதுமைப்பித்தன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 1906இல் பிறந்து 1948இல் போய்விட்டார். நாற்பத்திரண்டு வயது, காசநோய். எழுதிய காலம் பதினைந்து ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த கதைத் தொகுப்பு கால வரிசையில் இருப்பதால், மனிதர் வளர்வதைக் கண்ணெதிரே பார்க்கலாம். மாப்பசானைத் தழுவி எழுதிய கதைகள் உண்டு, அவசரத்தில் எழுதியவை உண்டு, கோபத்தில் கட்டுரையாகிவிட்ட கதைகளும் உண்டு. அவற்றையெல்லாம் தாண்டி வந்து ‘செல்லம்மாள்’ கதையில் நிற்கும்போதுதான் அவர் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்று புரிகிறது.

அந்தக் கதையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். செல்லம்மாளின் மூச்சு நின்ற இடத்தில் கதை ஆரம்பிக்கிறது. கணவர் பிரமநாயகம் பிள்ளை தென்பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். பிள்ளை குட்டி இல்லை, அவளுக்குத் தீராத நோய். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வீட்டு அரிசிச் சோறு சாப்பிட வேண்டும், திரும்பும்போது நெல்லிக்காய் அடையும் முருங்கை வற்றலும் கொண்டுவர வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். அவ்வளவுதான் ஆசை! நகரத்துக்குப் பிழைக்க வந்த எத்தனை ஆயிரம் குடும்பங்களின் ஆசை அது. அவள் இறந்துவிட்டாள் என்பது நமக்கு முதல் வரியிலேயே தெரியும். தெரிந்துகொண்டே அந்த நெல்லிக்காய் அடையைப் படிக்கிறோம். கதைக்குள் ஒப்பாரி கிடையாது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவனின் அலுப்பும் அன்பும் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. தமிழில் தாம்பத்தியத்தைப் பற்றி இதைவிட உண்மையாக எழுதப்பட்ட கதை எனக்குத் தெரியாது.

கதைகளோடு அவர் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களையும் பெட்டியில் வைப்பேன். ‘கண்மணி கமலாவுக்கு’ என்று அவை புத்தகமாக வந்திருக்கின்றன. ஊர் ஊராகப் பிரிந்து கிடந்த தம்பதி. பணம் அனுப்புகிற கவலை, உடம்பைப் பற்றிய கவலை, எப்போது சேர்ந்து இருப்போம் என்ற ஏக்கம். கதையில் யாருக்கும் தலைவணங்காத அந்தக் குரல் கடிதத்தில் எவ்வளவு கனிந்துபோகிறது! கதைகளை மட்டும் படித்தவருக்குக் கிடைப்பது பாதிப் புதுமைப்பித்தன்தான்.

இரண்டாவது கம்பன். ஆறு காண்டம், பத்தாயிரத்துக்கு மேல் பாட்டு. பக்தியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துப் பேசுகிறேன். தனிமையில் முதலில் துருப்பிடிப்பது நாக்கு. பேச ஆள் இல்லை என்றால் வாய்க்கு வேலை இல்லை. கம்பனை மௌனமாகப் படிக்க முடியாது. கும்பகர்ணனை ‘எழுந்திராய் எழுந்திராய்’ என்று எழுப்பும் பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உலக்கையால் இடிக்கிற தாளம் தானாக வந்துவிடும். கும்பகர்ணன் எழுந்த பிறகு வருகிற பேச்சுகளில் இருக்கிறது கம்பனின் பெருமை. அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அந்த அண்ணனுக்காகவே சாகப் போகிறவன் அவன். எதிர்ப்பக்கம் போன தம்பி வந்து கூப்பிட்டும் போகாதவன். இவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தால் தனிமை எங்கே இருக்கிறது?

இன்னொரு வேலையும் கிடைக்கும். இந்தப் பாட்டுகளில் எது கம்பன் பாடியது, எது பின்னால் யாரோ நுழைத்தது என்று டி.கே.சி. (ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார்) காதை வைத்தே தீர்ப்புச் சொன்னார். புலவர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் நானும் ஏற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டையும் நாக்கில் போட்டுப் பார்த்து இது அவன் குரல்தானா என்று கேட்கும் அந்தப் பழக்கம் அருமையானது. ஒரு ஆயுளுக்குப் போதும்.

பாரதி எங்கே என்று முன்வரிசையில் முகம் சுளிப்பது தெரிகிறது. பாரதியை நம்மில் பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறோம், அவர் பெட்டியில் ஏறாமலே கூட வந்துவிடுவார். கல்கியை எடுப்பேன் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல்தான் அவர் பலம், பத்தாவது முறை படிக்கும்போது எனக்கு அது குறைகிறது. டால்ஸ்டாயின் ரஷ்ய முழுப்பதிப்பு 90 தொகுதிகள், படகு தாங்காது. அசோகமித்திரனையும் கி.ரா. என்கிற கி. ராஜநாராயணனையும் விட்டுவிட்டுப் போவதுதான் வலிக்கிறது. நான்கு பேருக்கு அனுமதி கிடைத்தால் கி.ரா. வந்திருப்பார்.

மூன்றாவது இடத்தில் இருப்பவர் ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செகாவ். அவர் கொடுத்த ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் இந்தத் தலைப்பை முடிக்க முடியாது. ‘பந்தயம்’ என்று ஒரு கதை. இருபது லட்சம் ரூபிளுக்காக ஒரு இளம் வழக்கறிஞன் பதினைந்து வருடம் ஒரு தோட்ட வீட்டில் அடைபட்டுக் கிடக்கச் சம்மதிக்கிறான். கேட்ட புத்தகமெல்லாம் கிடைக்கும். முதல் வருடம் பொழுதுபோக்கு நாவல்கள், அடுத்து செவ்விலக்கியம். ஆறாவது வருடத்திலிருந்து மொழிகள், தத்துவம், வரலாறு என்று நான்கு வருடத்தில் அறுநூறு தொகுதிகள். பிறகு நற்செய்தி நூலோடு ஒரு வருடம். கடைசி இரண்டு வருடம் கையில் கிடைத்ததெல்லாம்: வேதியியல், மருத்துவம், பைரன், ஷேக்ஸ்பியர். முடிவில் புத்தகங்களையே வெறுப்பதாக எழுதி வைத்துவிட்டு, பணமும் வேண்டாம் என்று கெடுவுக்கு ஐந்து மணி நேரம் முன்பே வெளியேறிவிடுகிறான்.

பலர் அதைத் துறவின் கதையாகப் படிக்கிறார்கள். எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. அவன் அறிவைத் தேடித் தேடிப் படித்தான், ஒருவரோடும் தங்கவில்லை. எல்லாப் புத்தகமும் இருந்தும், கூட ஒரு மனிதர் இல்லை.

செகாவ் அப்படிப்பட்டவர் அல்ல. 1890இல், ரயில் பாதை இல்லாத சைபீரியாவைக் குதிரை வண்டியிலும் படகிலும் கடந்து சகாலின் என்ற கைதிகள் தீவுக்குப் போனார். யாரும் அனுப்பவில்லை, காசநோயின் அறிகுறிகளும் அப்போதே இருந்தன. மூன்று மாதம் வீடு வீடாகப் போய் ஏறக்குறைய பத்தாயிரம் அட்டைகளில் கைதிகளின் பெயர், வயது, எழுதப் படிக்கத் தெரியுமா என்றெல்லாம் குறித்தார். ஒரு கதாசிரியர் செய்கிற வேலையா இது? ஆனால் அதற்குப் பிறகு அவர் எழுதிய கதைகளில் ஒரு வண்டிக்காரனோ வேலைக்காரியோ வந்தால்கூட, பெயர் கேட்டு எழுதிக்கொண்ட மரியாதை இருக்கிறது. திரும்பும் வழியில் கப்பல் கொழும்பில் நின்றது. சொர்க்கம் இருந்த இடம் இலங்கைதான் என்று கடிதம் எழுதினார், கீரிப்பிள்ளை வாங்கி மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்! இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது கடிதங்களால்தான். அவருடைய ரஷ்ய முழுப்பதிப்பு 30 தொகுதிகள், அதில் 12 வெறும் கடிதங்கள். ரஷ்ய மொழி தெரியாத நான் கான்ஸ்டன்ஸ் கார்னெட் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த 13 தொகுதிக் கதைகளையும், மொழிபெயர்ப்பில் கிடைக்கிற கடிதங்களையும் எடுத்துப் போவேன். தமிழில் செகாவின் கடிதங்கள் முழுமையாக வர வேண்டும். இந்த அவையில் ரஷ்ய மொழி கற்றவர்கள் யாராவது இருந்தால் அந்த வேலையைத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் மூன்று பேரைச் சொல்லிவிட்டேன். கி.ரா. ஏன் நான்காவது என்று சண்டை போட இரண்டாவது வரிசையில் ஓர் அம்மா வெகுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். மைக்கை முதலில் அவரிடம் கொடுங்கள்.