செடிக்கு மாதம் தெரியாது

வணக்கம். சற்று முன்பு ஒரு அம்மா என்னிடம் ஒரு நோட்டை நீட்டினார். பன்னிரண்டு மாதத்துக்கும் அழகாகக் கட்டம் போட்டிருந்தார். "தோட்டத்துல எந்த மாசம் என்ன செய்யணும்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். அந்தக் கட்டங்களை நிரப்ப எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்த அரை மணி நேரம்.

செடிக்கு மாதம் தெரியாது, இரவின் நீளம் தெரியும். அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு புகையிலை ரகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கோடையில் வயலில் ஆளுயரத்தையும் தாண்டி வளரும், பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டில் வைத்தால் சின்னச் செடியே பூத்துவிடும். கோடையில் சில செடிகளை மாலையில் சீக்கிரமே இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிப் பகலைக் குறைத்துப் பார்த்தார்கள். பூத்துவிட்டது! 1920-இல் இதை வெளியிட்டார்கள். பகல் குறைவதை விட, இடையில் வெளிச்சம் படாத நீண்ட இரவுதான் முக்கியம் என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது.

இதை நான் என் வீட்டு வாசலிலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரே நாளில் நட்ட சாமந்தி, ஒரே உரம், ஒரே தண்ணீர். பாத்தியின் ஒரு முனையில் கொத்துக் கொத்தாகப் பூ. மறுமுனையில் இலை மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கிறது. உரம் வைத்தேன், மருந்து அடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் இரவு கதவைப் பூட்ட வந்தபோதுதான் கண்ணில் பட்டது. வாசல் விளக்கின் வெளிச்சம் எதுவரை விழுகிறதோ, சரியாக அதுவரை பூ இல்லை. அன்றிலிருந்து அந்த விளக்கைச் சீக்கிரமே அணைத்துவிடுகிறேன். உங்கள் சாமந்தி மொட்டு வைக்காமல் அடம்பிடித்தால் உரக்கடைக்குப் போவதற்கு முன் இரவில் ஒருமுறை தோட்டத்தில் போய் நின்று பாருங்கள்.

சரி, மண்ணுக்கு வருவோம். பருவம் மாறியதும் எல்லோருக்கும் மண்வெட்டியை எடுக்கக் கை பரபரக்கும். முதலில் ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உருண்டை அப்படியே நின்று, விரலால் தட்டினாலும் உடையாவிட்டால் இன்னும் ஈரம் அதிகம். அந்த நிலையில் கொத்தினால் மண் கட்டி தட்டிப்போகும், வேருக்குக் காற்று கிடைக்காது. தட்டினதும் பொலபொலவென்று உதிர்ந்தால் கொத்தலாம். இரண்டு அங்குலம் மட்கிய உரம் பரப்பி மேல்மண்ணோடு கலந்துவிடுங்கள். தழைச்சத்தை மட்டும் அள்ளிப் போட்டால் இலைதான் வரும், பூ வராது.

வெயில் காலத்தில் நாம் செய்யும் தப்பு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது. மேலே மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒருநாள் தண்ணீர் தவறினால் செடி துவண்டுவிடும். ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர் ஊற்றினால் 25 மில்லிமீட்டர் மழை பெய்த கணக்கு. நன்றாக வேர் பிடித்த பாத்திக்கு வாரம் அவ்வளவு என்று வைத்துக்கொண்டு, இரண்டு தடவையாக, காலையில், வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள். வெயில் கடுமையாக இருந்தாலோ மணற்பாங்கான மண்ணாக இருந்தாலோ கூடுதலாக வேண்டியிருக்கும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். அப்புறம் மூடாக்கு: காய்ந்த சருகோ வைக்கோலோ இரண்டு மூன்று அங்குலம் போதும். தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், நாலு விரல் இடம் விடுங்கள். இல்லையென்றால் தண்டு அழுகும்.

மழைக்காலத்தில் ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீர் தேங்கினாலும் செடி துவளும். தாகத்தில் வாடுவது போலவே இருக்கும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றி எத்தனையோ செடிகளைச் சாகடித்திருக்கிறோம். வேர் மூச்சுமுட்டித்தான் அங்கே வாடுகிறது. வடிகால் வெட்டிவிடுங்கள், அது போதும்.

கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரோஜாவில் பெரும்பாலானவையும் செம்பருத்தியும் புதுக் கிளையில் பூப்பவை. புதுத் துளிர் விடும் பருவத்துக்குச் சற்று முன் வெட்டலாம். பெரிய இலை ஹைட்ராஞ்சியா, அசேலியா போன்ற பூச்செடிகள் முந்தைய பருவத்துக் கிளையில் மொட்டை ஒளித்து வைத்திருப்பவை. பூத்து முடிந்த கையோடு வெட்டிவிட வேண்டும். தாமதித்தால் அடுத்த பருவத்துப் பூவையே வெட்டி எறிகிறோம்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த வேலை. சாமந்தி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளுங்கள். நுனி இருக்கும்வரை அது பக்கக் கிளைகளை அடக்கி வைக்கும். கிள்ளின சில நாளில் கீழே இலைக்கணுக்களில் பச்சைப் புள்ளிகள் எட்டிப் பார்க்கும். அந்தக் கிளைகளும் அதே அளவு நீண்டதும் இன்னொரு தடவை கிள்ளலாம். இரவு நீளத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் கிள்ளினால் மொட்டுதான் போகும்.

அம்மா, அந்த நோட்டைக் கொடுங்கள். வாசல் விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது என்பதை முதல் கட்டத்தில் எழுதுவோம்.