ஆயி மண்டபமும் பாட்டி சொன்ன கதையும்

நேயர்களுக்கு வணக்கம். சின்ன வயதில் போன பூங்காவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பாண்டிச்சேரியில் வளர்ந்தவளுக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது, பாரதி பூங்காதான். ஒரு பக்கம் ராஜ்நிவாஸ், இன்னொரு பக்கம் சட்டசபை, வாசலில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர்கள், கொஞ்சம் நடந்தால் கடல். அப்பா எங்களைப் பாட்டியோடு பூங்காவில் விட்டுவிட்டு ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போய்விடுவார். 1827இல் தொடங்கிய நூலகம் அது, உள்ளே போனால் லேசில் வரமாட்டார், எங்களுக்கும் அதுதான் வேண்டும்.

பூங்கா நடுவில் வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம் நிற்கும். கண்ணாமூச்சி விளையாடினால் எல்லாரும் அதன் தூணுக்குப் பின்னால்தான் ஒளிவோம், அதனால் உடனே மாட்டிக்கொள்வோம், மறுபடியும் அங்கேயே ஓடுவோம். களைத்துப்போய் உட்கார்ந்ததும் வேர்க்கடலையைப் பங்குபோட்டுக்கொண்டே பாட்டி கதை சொல்லுவார். ஆயி என்று ஒரு தாசி இருந்தாளாம். இருட்டில் அவள் மாளிகை விளக்குகளைப் பார்த்து கோயில் என்று நினைத்து ராஜா கும்பிட்டுவிட்டார், பிறகு அது தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொல்லிவிட்டார். கிருஷ்ணதேவராயர் என்று சொல்லுவார்கள். ஆயி அழுது கெஞ்சவில்லை. நானே இடித்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கி, அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டினாளாம். அந்த இடம் வரும்போதெல்லாம் பாட்டி குரல் மாறிவிடும். எனக்கும் இப்போது சொல்லும்போது தொண்டை அடைக்கிறது.

அப்புறம் பல நூறு வருஷம் கழித்து, கடலோரத்தில் இருந்த பிரெஞ்சு நகரத்துக்கு நல்ல தண்ணீர் வேண்டியிருந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், ஆயி குளம் இருந்த முத்திரையர்பாளையத்திலிருந்துதான் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள், அதன் நினைவாக எழுந்ததுதான் நாங்கள் ஒளிந்து விளையாடிய மண்டபம். இன்றைக்குப் புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் அதேதான். கவர்னர் படமோ கோட்டையோ இல்லை, ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ஒரு பெண்ணின் பெயரைச் சுமக்கும் மண்டபம். எங்கள் ஊரில் எனக்கு ரொம்பப் பெருமையான விஷயம் இதுதான்.

இப்போது போனால் மண்டபத்துக்கு முன்னால் படம் எடுக்கிறவர்கள்தான் அதிகம். எடுக்கட்டும், அழகான இடம்தானே. பிள்ளைகளோடு போகிறவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஆயி கதையையும் சொல்லிவிட்டு வாருங்கள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போனால் நிழல் நன்றாக இருக்கும்.