மேலூரில் இறங்கிய கதை

வணக்கம் மக்களே. போன வாரம் ஏன் வீடியோ வரவில்லை என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. திருச்சியில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. போய்விட்டு வந்தேன். ஆனால் போன விதம் இருக்கிறதே... ஆட்டோவுக்கு மட்டும் 250 ரூபாய். அதற்கு மேல் வெயிட்டிங் என்று 50 ரூபாய் தனி. இன்னும் வயிறு எரிகிறது. இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அடுப்புக் கதை பழைய ஆட்களுக்குத் தெரியும். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்ப்பேன், ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்ப்பேன், வாசல் வரை வந்து மறுபடியும் உள்ளே போவேன். கொலு வீடியோவில் என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு, "இது எத்தனாவது ரவுண்டு?" என்று கேட்டது அப்படியே பதிவாகிவிட்டது. கொலுவை விட்டுவிட்டு எல்லோரும் அதைத்தான் ரசித்தீர்கள். அது பரவாயில்லை.

அன்றைக்கு அவர் வேலைக்குப் போய்விட்டார், நான் தனியாகக் கிளம்பினேன். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ், ஜன்னல் ஓர சீட்டு, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஒத்தக்கடை தாண்டியதும் ஒரு கேள்வி வந்தது. காலையில் பால் காய்ச்சினேனே, அடுப்பை அணைத்தேனா?

அவ்வளவுதான். அடிவயிற்றில் புளியைக் கரைத்தது. அணைத்த மாதிரி ஒரு காட்சி மனதில் வருகிறது, ஆனால் அது இன்றைக்கா, நேற்றைக்கா? யோசிக்க யோசிக்க அந்தக் காட்சி மங்குகிறது. அதற்குப் பதிலாக வேறொரு படம் ரொம்பத் தெளிவாக ஓடுகிறது: சமையலறை முழுக்கப் புகை, தெருவில் தீயணைப்பு வண்டி, மாடி வீட்டு அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, எனக்கு இருட்டுகூடத் தேவைப்படவில்லை. காலை பத்து மணி வெயிலிலேயே பேய் தெரிந்தது.

மேலூரில் இறங்கிவிட்டேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திருச்சி டிக்கெட் காசு போயிற்று.

திரும்ப மாட்டுத்தாவணி வந்து அங்கிருந்து வில்லாபுரத்துக்கு ஆட்டோ. டவுன் பஸ்ஸிலேயே போயிருக்கலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. காய்கறி வாங்கப் போனால் இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அத்துப்படி. அன்றைக்கு மண்டையில் எதுவும் ஏறவில்லை. ஆட்டோக்காரர் 250 என்றார், பேரம்கூடப் பேசவில்லை. நான்! பேரம் பேசவில்லை! புதுமண்டபப் பாத்திரக்கடை வீடியோ பார்த்தவர்களுக்கு இதன் கனம் புரியும்.

வீட்டுக்குள் ஓடினேன். அடுப்பு அணைந்திருந்தது, ரெகுலேட்டரும் மூடியிருந்தது. பால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தே வைத்திருந்தேன். வெளியே வந்தால், "ரெண்டு நிமிஷம் நின்னேன்ல அக்கா, வெயிட்டிங் 50 குடுங்க" என்கிறார். சென்னையில் 2013-ல் மீட்டர் கட்டணம் நிர்ணயித்தபோது 5 நிமிட வெயிட்டிங்குக்கு 3 ரூபாய் 50 காசு என்று வைத்தார்கள். இது மதுரை, வருடமும் ஓடிவிட்டது, விலைவாசியும் ஏறிவிட்டது, எல்லாம் சரி. அதற்காக இரண்டு நிமிடத்துக்கு ஐம்பதா? பத்து ரூபாய் என்றிருந்தால் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பேன். கொடுத்தேன், ஆனால் சிரிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திருச்சிக்குப் போய்ச் சேரும்போது வளையல் அடுக்கி முடித்துவிட்டார்கள். கலவை சாதம் மட்டும் மிச்சம். அதைச் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன், இந்தப் பதற்றத்தை நானேதான் சோறு போட்டு வளர்க்கிறேனோ என்று.

இதைப் பற்றி ஓர் ஆராய்ச்சியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 2003-ல் நெதர்லாந்தில் வான் டென் ஹவுட், கிண்ட் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் செய்தது. அவர்கள் எடுத்துக்கொண்டதும் கேஸ் அடுப்புதான்! கம்ப்யூட்டர் திரையில் ஓர் அடுப்பு. ஒரு குழுவினர் அதைத் திரும்பத் திரும்பப் பற்றவைத்து, அணைத்து, சரிபார்க்க வேண்டும். இன்னொரு குழுவுக்கு அடுப்புக்குப் பதிலாக விளக்கு பல்புகள். கடைசியில் இரண்டு குழுவையும் அடுப்பை ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லிவிட்டு, என்ன நினைவிருக்கிறது என்று கேட்டார்கள். எந்த பர்னரைப் பார்த்தோம் என்பதைச் சரியாகச் சொல்வதில் அடுப்புக் குழு ஒன்றும் குறையவில்லை. ஆனால் நினைவின் தெளிவும், அந்த நினைவின் மேல் இருந்த நம்பிக்கையும் குறைந்துபோயின. அதாவது, பார்க்கப் பார்க்க ஞாபகம் கெடுவதில்லை, ஞாபகத்தின் மேல் நம்பிக்கைதான் கெடுகிறது. இவ்வளவு வருடம் சந்தேகம் வந்ததால் போய்ப் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன். போய்ப் போய்ப் பார்த்ததால்தான் சந்தேகமே இவ்வளவு வளர்ந்திருக்கிறது.

ஆமாம், போட்டோ விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். "கிளம்பும்போது அடுப்பை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்று உங்களில் பலர் சொல்லியிருந்தீர்கள். நல்ல மனதோடு சொன்னது, தெரியும். மூன்று மாதம் செய்தேன். முதல் வாரம் சொர்க்கம். இரண்டாவது வாரம் போட்டோவைப் பெரிதாக்கி, திருகு நேராக இருக்கிறதா, கொஞ்சம் சாய்ந்திருக்கிறதா என்று ஆராய ஆரம்பித்தேன். அப்புறம், எடுத்த பிறகு கை பட்டுத் திரும்பியிருந்தால் என்று யோசனை. போனில் 312 அடுப்புப் படங்கள் சேர்ந்தன. ஒரு நாள் போனே பின்னணி இசை போட்டு, "உங்கள் இனிய நினைவுகள்" என்று என் அடுப்பை வைத்து வீடியோ செய்து காட்டியது. அன்றோடு நிறுத்தினேன்.

மாடி வீட்டு அக்காவிடம் சாவி இருக்கிறதே, போன் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த மாதத்தில் ஏற்கனவே இரண்டு தடவை செய்திருந்தேன், மூன்றாவது தடவை கேட்கக் கூச்சமாக இருந்தது. போன் செய்து கேட்பதும் போய்ப் பார்ப்பதும் ஒன்றேதான். "மூடிட்டேன்மா" என்று அவர் சொன்னதும் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதுதான் வில்லன். பார்த்தால்தான் பயம் இறங்கும் என்று மூளை அந்த நிம்மதியிலிருந்து பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாகக் கேட்கிறது.

இதற்காகப் பாதுகாப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ராத்திரி படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவது நல்ல பழக்கம், விடாதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோரம் தேங்கும். அதற்கென்று தனியாக வாசனை கலந்துதான் சிலிண்டரில் அடைக்கிறார்கள், அந்த நாற்றம் வந்தால் உடனே பாருங்கள். நான் சொல்வது நாற்றமும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் ஏழாவது தடவை பார்க்கப் போவதை.

அப்புறம் அந்த நெஞ்சுப் படபடப்பு. அது உடம்பின் பழைய ஏற்பாடு. ஆபத்து என்று மூளை முடிவு செய்தால் அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ஜீரணம் ஒதுங்கிக்கொள்கிறது. வயிற்றில் புளி கரைவது அங்கேதான். சண்டை போடு இல்லையென்றால் ஓடு என்ற இந்த நிலையை வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-லேயே விளக்கியிருக்கிறார். பஸ் சீட்டில் உட்கார்ந்துகொண்டு யாரோடு சண்டை போடுவது? அதனால் ஓடினேன், மேலூரில் இறங்கி.

என் அம்மாவிடம் சொன்னால் "யாரோ கண்ணு வச்சுட்டாங்கடி" என்பார். சின்ன வயதில் பயந்து அழுதால் கோரிப்பாளையம் தர்காவுக்குத் தூக்கிக்கொண்டு போவார். மயிலிறகால் வருடி, ஓதி அனுப்புவார்கள். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்குவேன் என்பது உண்மை. எனக்குப் பிடிக்காதது "டென்ஷன் ஆகாதீங்க, ரிலாக்ஸ்" என்று சொல்பவர்களைத்தான். கால் வழுக்கி விழுந்துகொண்டிருப்பவனைப் பார்த்து விழாதே என்பது போல. மழைச் சத்தம் கேட்டபடி தூங்குங்கள் என்று ஒரு ஆப்பும் போட்டுப் பார்த்தேன். மழைச் சத்தம் கேட்டதும் மொட்டைமாடியில் துணி காய்கிறதே என்று எழுந்து உட்கார்ந்தேன்.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று, இது முக்கியம். வளைகாப்புக்கு முந்தின நாள் ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. ஏனென்றால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் டிகிரி காபி, அதுவும் இரண்டாவது டம்ளர். குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகுமாம். நடுராத்திரி வரை பாதிக் காபி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. காபியை விடமாட்டேன், அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மூன்று மணிக்கு மேல் குடிப்பதில்லை, அவ்வளவுதான்.

இப்போது நல்ல சேதி. இந்த வியாழக்கிழமை தெப்பக்குளம் பக்கம் போனேன். காமராஜர் சாலையில் அதே கேள்வி, அணைத்தேனா? கிளம்பும்போது ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். "அடுப்பு அணைஞ்சாச்சு, மணி 4.10" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். எதிர்வீட்டுப் பாட்டி யாரிடம் பேசுகிறேன் என்று எட்டிப் பார்த்தார். ஆனாலும் கேள்வி வந்தது. திரும்பிப் போகவில்லை. தெப்பக்குளக் கரையில் உட்கார்ந்தேன். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கினேன், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டேன். இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமெடுக்கும், விடும்போது தணியும், அதனால் விடுவதை நீட்டினால் பலன் இருக்கிறது. அணைத்தேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்யவில்லை, அதுவும் ஒரு சரிபார்ப்புதான். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இப்போது போகப்போவதில்லை" என்றேன். முதல் ஐந்து நிமிடம் நரகம். கை வியர்த்தது, காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடத்தில் ஒரு சுண்டல் வாங்கினேன். மாங்காய் தூக்கலாக, அருமை. அரை மணி கழித்துப் பார்த்தால் நான் சுண்டலைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பயம் எந்த நிமிடத்தில் இறங்கியது என்றே தெரியவில்லை.

ஒரு தடவை ஜெயித்ததற்கே இவ்வளவு அலட்டலா என்று கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை இரண்டு தடவை திரும்பிப் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு பேச்சு, விளையாட்டில்லாமல். இந்தச் சரிபார்ப்பே தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சாப்பிடுகிறது, வேலைக்குப் போக முடியவில்லை, தூக்கம் இல்லை என்றால் என் வீடியோ போதாது, மனநல மருத்துவரைப் பாருங்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லையா, 14416. டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய இலவச எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். வெறும் படபடப்பு என்றாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். தைராய்டு அதிகம் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும். நெஞ்சு வலித்து, கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் மூச்சை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த வாரம் திருச்சியில் வாங்கிய கண்ணாடி வளையல்களைக் காட்டுகிறேன். அந்த 312 படத்தையும் இன்றைக்கு அழித்துவிடுவதாக வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். 290 வரை வந்துவிட்டேன், மிச்சத்தை அழிக்கக் கை வரவில்லை. போகும் முன் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்: உங்கள் ஊரில் ஆட்டோ இரண்டு நிமிடம் நின்றால் எவ்வளவு வாங்குகிறார்கள்?