பக்கா ஜென், டஃப் ஜென்

நேயர்களுக்கு வணக்கம். ஜென் என்றதும் ஜப்பானியத் துறவிகள் நினைவுக்கு வந்தால் பழி நம் எழுத்தின் மேல்தான்; இரண்டுக்கும் தமிழில் ஒரே வடிவம். நான் பேச வந்தது இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் புழங்கிய ஜென். உருப்படியான தகவலுக்கு அங்கே அதுதான் பெயர். அறிவிப்புகளின் தலையில் 'அனைத்து நிலையினரின் பொதுத் தகவலுக்காக' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதில் வரும் 'ஜெனரல்' என்ற சொல்லின் தலையை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டார்கள் என்பது பரவலான விளக்கம். 1940 வாக்கில் சொல் அச்சிலும் ஏறிவிட்டது.

எனக்குப் பிடித்தது அதன் அடைமொழிகள். நம்பலாம் என்றால் 'பக்கா ஜென்'. புளுகு என்றால் 'டஃப் ஜென்'. விவரம் தெரிந்த ஆள் 'ஜென் மேன்'. பக்கா வீடு, பக்காவான ஏற்பாடு என்கிறோமே, அதே பக்காதான். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயரின் நாக்கில் ஒட்டிக்கொண்டு சீமைக்குப் போன இந்திச் சொல்.

அடைமொழி இல்லாமல் அங்கே காலம் தள்ள முடியாது. குண்டுவீச்சு விமானத் தளங்களில் இன்றிரவு எங்கே போகிறோம் என்பதை மாலைக் கூட்டம் வரை விமானிகளுக்கே சொல்வதில்லை. ஆனால் எவ்வளவு பெட்ரோல் ஊற்றுகிறார்கள் என்பதைத் தரைப் பணியாளர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்களே! தொட்டி நிரம்பினால் பயணம் தூரம். இப்படிக் கசிந்ததில் எது பக்கா, எது டஃப் என்பதுதான் சாப்பாட்டுக் கூடத்துப் பேச்சு.

வானத்தில் இதே கேள்வி உயிர்ப் பிரச்சினை. 1944 மார்ச் 24 இரவு, பெர்லினைத் தாக்க 811 விமானங்கள் கிளம்பின. வடக்கிலிருந்து வீசிய காற்று மணிக்கு 100 மைலைத் தாண்டியது. வழியில் காற்றை அளந்து சொல்லவென்றே தேர்ந்தெடுத்த குழுவினர் கணக்கிட்டு, வானொலியில் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினார்கள். அங்கிருந்தவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை; இவ்வளவு வேகமா என்று எண்ணைக் குறைத்து எல்லா விமானங்களுக்கும் ஒலிபரப்பினார்கள். அதை நம்பிப் பறந்தவர்கள் தெற்கே அடித்துச் செல்லப்பட்டுச் சிதறினார்கள். திரும்பும் வழியில் பலர், விலகிப் போக வேண்டிய பீரங்கி வளையங்களின் மேலேயே பறக்க நேர்ந்தது. 72 விமானங்கள் திரும்பவில்லை. அளந்தவர்கள் அனுப்பியது பக்கா ஜென். மேலிடத்தின் கை பட்டதும் அது டஃப் ஜென் ஆகிவிட்டது.

போர் முடிந்ததும் சொல் ஊருக்குள் வந்துவிட்டது. நேர்காணலுக்குப் போகுமுன் அந்த நிறுவனத்தைப் பற்றிய விவரங்களைக் கரைத்துக் குடிப்பதற்கு 'ஜென் அப்' என்பார்கள். 'என்ன ஜென்?' என்றால் என்ன சேதி என்று பொருள். இப்போது பிரிட்டனிலும் பெரும்பாலும் வயதானவர்களிடம்தான் இதைக் கேட்கலாம். இளைஞர்களுக்கு ஜென் என்றால் தலைமுறை. தகவலுக்கு அவர்களிடம் இன்ஃபோ இருக்கிறது. இன்ஃபோ கொஞ்சம் சப்பென்ற சொல் என்பது என் எண்ணம்: வந்த சேதி மெய்யா பொய்யா என்பதை ஒரே வீச்சில் சொல்லிவிடும் ஜோடி அதற்கு இன்னும் அமையவில்லை.

நன்றி, வணக்கம்.