படிக்கத் தெரியாதவர்களுக்கு எதற்குப் பத்திரிகை? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். போன வீடியோவில், தொழிலாளிகளுக்கும் வாக்குரிமை கேட்டு 1830-களில் எழுந்த இங்கிலாந்தின் சார்ட்டிஸ்ட் இயக்கத்தைப் பற்றிப் பேசியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் எழுதிக் கேட்டிருக்கிறார். "அந்தக் காலத்துத் தொழிலாளிகளில் பலருக்குப் படிக்கவே தெரியாது என்கிறீர்கள். அப்புறம் பத்திரிகைகள்தான் இயக்கத்தை வளர்த்தன என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்? ஒரு பென்னித் தாளைக் கண்டு அரசாங்கம் ஏன் அவ்வளவு பயப்பட வேண்டும்?"

நியாயமான சந்தேகம். கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அப்போது செய்தித்தாள்களுக்கு முத்திரை வரி இருந்தது, அதாவது வரி கட்டியதற்கு அடையாளமாக ஒவ்வொரு தாளிலும் அரசு முத்திரை இருக்க வேண்டும். 1815-இல் அதை ஒரு தாளுக்கு 4 பென்னி என்று ஏற்றினார்கள். அதனால் ஒரு தாளின் விலை 7 பென்னிக்குப் போய்விட்டது. 12 பென்னி சேர்ந்தால் ஒரு ஷில்லிங். 1830 வாக்கில் கைத்தறி நெசவாளி ஒருவருக்குப் பல ஊர்களில் வாரம் முழுக்கத் தறியில் உட்கார்ந்தாலும் ஆறேழு ஷில்லிங் கிடைப்பதே பெரிய பாடு. அதில் யார் 7 பென்னி கொடுத்துப் பத்திரிகை வாங்குவார்கள்? அரசாங்கம் எந்தத் தாளையும் தடை செய்யவில்லை. கைக்கு எட்டாத விலையில் தூக்கி வைத்துவிட்டது, அவ்வளவுதான்.

இதில் முதலில் ஓட்டையைக் கண்டுபிடித்தவர் வில்லியம் காபெட் என்ற பத்திரிகையாளர். செய்திக்குத்தானே வரி? செய்தியை எடுத்துவிட்டு வெறும் கருத்தை மட்டும் அச்சடித்தால்? 1816 நவம்பரில் தன்னுடைய 'பொலிட்டிகல் ரிஜிஸ்டர்' இதழை அப்படி மாற்றி 2 பென்னிக்கு விற்றார். எதிரிகள் அதை 'இரண்டு பென்னிக் குப்பை' என்று கேலி செய்தார்கள். அவர் அந்தப் பெயரையே பிற்பாடு சந்தோஷமாக எடுத்துக்கொண்டார். ஆனால் 1817-இல் விசாரணை இல்லாமலே ஆட்களைச் சிறையில் வைக்க அரசு வழி செய்தபோது, மனிதர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அதை நான் வீரம் என்று சொல்ல மாட்டேன்.

1819 ஆகஸ்டில் மான்செஸ்டரில் பீட்டர்லூ படுகொலை. வாக்குரிமை கேட்டுக் கூடிய கூட்டத்துக்குள் குதிரைப்படை புகுந்து, பதினைந்து பேருக்கு மேல் செத்தார்கள். அன்றைக்கு மேடையில் இருந்த ரிச்சர்ட் கார்லைல் என்ற பதிப்பாளர் லண்டனுக்குத் திரும்பி, கண்ணால் கண்டதை அச்சில் போட்டார். அந்த வருடக் கடைசியிலேயே அரசாங்கம் புதுச் சட்டங்கள் கொண்டுவந்து காபெட் கண்ட ஓட்டையையும் அடைத்தது. 6 பென்னிக்குக் குறைந்த விலையில், மாதத்துக்கு ஒன்றைவிட அதிகமாக வரும் அரசியல் தாள்களில் செய்தி இல்லாவிட்டாலும், வெறும் கருத்தாக இருந்தாலும் வரி.

மன்னராட்சியையும் மதத்தையும் எதிர்த்து எழுதிய தாமஸ் பெயினின் புத்தகங்களை விற்ற குற்றத்துக்காகக் கார்லைல் ஆறு வருடம் டார்செஸ்டர் சிறையில் இருந்தார். கடையை மனைவி ஜேன் நடத்தினார், அவரும் உள்ளே போனார். பிறகு தங்கை மேரி ஆன், அவரும் உள்ளே. அப்புறம் கடைக்கு வந்து நின்ற வேலையாட்கள், ஒருவர் பின் ஒருவராக. கடைசியில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு செய்தார்கள். கடையில் கடிகார முகப்பு மாதிரி ஒரு வட்டு. வேண்டிய நூலின் பெயருக்கு நேராக முள்ளைத் திருப்பிக் காசைப் போட்டால் நூல் கீழே வந்து விழும். விற்றது யார் என்று உளவாளி சாட்சி சொல்ல முடியாது, ஏனென்றால் விற்றவர் முகத்தையே அவன் பார்க்கவில்லை.

சரி, ஒரு பென்னித் தாளுக்கு வருவோம். 1831 ஜூலையில் ஹென்றி ஹெதரிங்டன் என்ற அச்சுக்காரர் 'புவர் மேன்ஸ் கார்டியன்' என்ற வாரத்தாளை ஆரம்பித்தார். ஏழைகளின் காவலன் என்று பொருள். முத்திரை கிடையாது, ஒளிவுமறைவும் கிடையாது. 'சட்டத்துக்கு மாறாக வெளியிடப்படுவது' என்று முகப்பிலேயே போட்டார். அரசு முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அச்சு இயந்திரத்தின் படம், கூடவே 'அறிவே ஆற்றல்' என்ற வாசகம். அலுவலர்கள் வழிமறிப்பார்கள் என்று தெரிந்தால் முன்வாசல் வழியாகப் போலிக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள். அதைப் பிடுங்க நடக்கும் தள்ளுமுள்ளுக்குள் நிஜத் தாள்கள் வேறு வழியாக ஊரைத் தாண்டியிருக்கும்.

இந்தத் தாள்களைத் தெருவில் விற்றவர்கள் யார்? பெரும்பாலும் வேலை போனவர்கள். அந்த ஐந்தாறு வருடங்களில் எழுநூறு பேருக்கு மேல் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மாக்கிள்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த தொப்பி செய்யும் தொழிலாளி ஜோசப் ஸ்வான். துண்டுப் பிரசுரம் விற்றதற்காக 1819-லேயே பிடிபட்டு நாலரை வருடத் தண்டனை வாங்கியவர். 1831-இல் மறுபடியும் நீதிபதிகள் முன் நிறுத்துகிறார்கள். ஏன் விற்றாய் என்று கேட்கிறார்கள். வேலை இல்லை, குடும்பம் பட்டினி, அது ஒரு காரணம் என்கிறார். அதைவிடப் பெரிய காரணம், நாடாளுமன்றத்தில் தங்களை எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டும் என்கிறார். வாயை மூடு என்றால், மூட மாட்டேன் என்கிறார். மூன்று மாதம் கடுங்காவல் என்று தீர்ப்பு வருகிறது. உங்களுக்கு நன்றி சொல்ல ஒன்றுமில்லை, வெளியே வந்ததும் மறுபடி விற்பேன், முதல் தாளை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

அரசாங்கம் பயந்தது இந்த மாதிரி ஆளைப் பார்த்துத்தான். தாளில் இருக்கிற எழுத்தைவிட, அதை ஊர் ஊராகச் சுமந்து போகிறவன் ஆபத்து.

இப்போது படிப்பு விஷயம். முதலில் ஒரு சின்னத் திருத்தம். எழுதத் தெரியாத பலருக்கும் அந்தக் காலத்தில் படிக்கத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளில் பைபிளைப் படிக்கும் அளவுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, எழுதக் கற்றுக்கொடுக்காமல் விட்ட இடங்கள் நிறைய உண்டு. கையெழுத்துக்குப் பதில் ஒரு கோடு கிழித்தவரெல்லாம் படிக்கவே தெரியாதவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்தது, பத்திரிகையை ஒருவர் தனியாக உட்கார்ந்து மௌனமாகப் படிப்பது என்பது நம் பழக்கம். அங்கே அது காதால் கேட்கிற பொருளாகவும் இருந்தது. மதுக்கடையில், காபிக்கடையில், பட்டறையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். மான்செஸ்டர் பக்கம் ஃபெயில்ஸ்வொர்த்தில் பிறந்து பிற்காலத்தில் எழுத்தாளரான பென் பிரையர்லி தன் சிறுவயதை நினைவுகூர்ந்திருக்கிறார். அவருடைய அப்பாவும் இன்னும் ஐந்து பேரும் காசு சேர்த்து 'நார்தர்ன் ஸ்டார்' என்ற சார்ட்டிஸ்ட் வாரத்தாளை வாங்குவார்கள். ஞாயிறு காலையில் ஆறு பேரும் இவர்கள் வீட்டில் கூடுவார்கள். சத்தம் போட்டு வாசிப்பது சிறுவன் பென்னின் வேலை. ஒரு பிரதிக்கு அங்கேயே ஆறு சந்தாதாரர்கள், அதோடு வீட்டில் உள்ளவர்கள் வேறு. விற்பனைக் கணக்கை மட்டும் வைத்து இந்தப் பத்திரிகைகளை எடைபோட முடியாததற்குக் காரணம் இதுதான்.

என் கருத்து என்னவென்றால், பத்திரிகை இயக்கத்தைப் பற்றி எழுதியது என்பது பாதிதான். பத்திரிகையைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் போட்ட வலையே பிறகு இயக்கமாக ஆனது. 1836-இல் லண்டன் உழைப்பாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் வில்லியம் லவட்டோடு ஹெதரிங்டன், கிளீவ், வாட்சன் என்று முத்திரையில்லாத தாள் விற்ற ஆட்களே நிற்கிறார்கள். சார்ட்டிஸ்ட் இயக்கத்துக்குப் பெயர் கொடுத்த வாக்குரிமைக் கோரிக்கை ஆவணமான மக்கள் சாசனம் 1838-இல் வெளிவந்தது அந்தச் சங்கத்திடமிருந்துதான். ஹெதரிங்டன் கடையில் பையனாக வேலை பார்த்து, தாள் விற்று மூன்று முறை சிறை போன ஜூலியன் ஹார்னி பின்னால் 'நார்தர்ன் ஸ்டார்' ஆசிரியராகவே ஆனார்.

அதே 1836-இல் முத்திரை வரியை 1 பென்னியாகக் குறைத்தார்கள். இதைப் பத்திரிகைச் சுதந்திரத்தின் வெற்றி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. வசதியானவர்களின் தாள் விலை குறைந்தது, ஆனால் ஒரு பென்னிக்கு விற்றவர் ஒரு பென்னி வரி கட்டிவிட்டு எதை விற்பார்? முத்திரை இல்லாமல் அடித்தால் அச்சு இயந்திரத்தையே பறிமுதல் செய்யும் அளவுக்குத் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். அதனால்தான் 1837 நவம்பரில் லீட்ஸ் நகரில், பின்னாளில் சார்ட்டிஸ்ட் தலைவரான ஃபியர்கஸ் ஓ'கானர் தொடங்கிய 'நார்தர்ன் ஸ்டார்' வரி கட்டி, நாலரை பென்னிக்கு வந்தது.

அதிலும் ஒரு வேடிக்கை. முத்திரை உள்ள தாளுக்குத் தபால் செலவு இல்லை. வாயை அடைக்க வைத்த முத்திரையே சார்ட்டிஸ்ட் தாளை அரசாங்கத் தபால் வண்டியில் ஏற்றி நாடு முழுக்கக் கொண்டுபோனது! 1839-இல் அது வாரம் முப்பதாயிரத்துக்கு மேல் விற்றது. எங்கோ ஒரு சின்ன ஊரில் இருபது பேர் கூடிப் பேசியதையும், யார் தலைமை, எவ்வளவு வசூல் என்பதையும் அதில் போட்டார்கள். தங்கள் ஊர்ப் பெயர் அச்சில் வந்ததை அந்த ஊரே கேட்டது.

மிச்சமிருந்த அந்த ஒரு பென்னி வரியும் போனது 1855-இல். அதற்குள் 'நார்தர்ன் ஸ்டார்' நின்று போயிருந்தது, ஹெதரிங்டனும் இறந்துவிட்டார். 1848-இல் சார்ட்டிஸ்டுகள் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த மனுவில் விக்டோரியா ராணியின் கையெழுத்தே இருந்ததாமே, அது உண்மையா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அது பெரிய கதை, அடுத்த வீடியோவில் எடுத்துக்கொள்கிறேன்.