புல்லின் உயரத்திலிருந்து ஒரு காடு

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது, ஜப்பானிய ஓவியர் கசுவோ இவாமுரா எழுதி வரைந்த 'பதினான்கு எலிகள்' என்னும் படப்புத்தக வரிசை. 1983-இல் தோஷின்ஷா பதிப்பகத்தின் வெளியீடாகத் தொடங்கி, 2007-க்குள் பன்னிரண்டு நூல்களாக வளர்ந்த வரிசை இது.

தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பத்துப் பிள்ளைகள் என ஒரு பெரிய எலிக்குடும்பம். மூத்தவன் இக்குன், அடுத்தவன் நிக்குன், கடைக்குட்டி தொக்குன். இப்பெயர்களுக்குள் ஜப்பானிய மொழியின் ஒன்று முதல் பத்து வரையிலான எண்கள் பொதிந்திருப்பதால், பெயர் சொல்லிக் கூப்பிடும் குழந்தை தன்னை அறியாமலே எண்ணவும் பழகிவிடுகிறது. ஒரு நூலில் குடும்பம் காலை உணவு சமைக்கிறது, இன்னொன்றில் துணி துவைக்கிறது, வேறொன்றில் மலைக்கிழங்கு அகழ்கிறது. இவ்வளவுதான் கதை. எழுத்தும் பக்கத்துக்கு ஓரிரு வரிகளே. அவ்வரிகளும் பல இடங்களில் 'இது யார்?' என்று கேட்டு நின்றுவிடுவதால், விடைக்காகக் குழந்தை படத்துக்குள் இறங்கித் தேட வேண்டியிருக்கிறது.

அப்படித் தேடும்போதுதான் ஓவியரின் உழைப்பு புலப்படுகிறது. அவர் தம் பார்வையை எலியின் கண்மட்டத்துக்குத் தாழ்த்திக்கொண்டு வரைகிறார். அங்கிருந்து பார்க்கையில் புல் மரமாக ஓங்கி நிற்கிறது, உதிர்ந்த இலை பாயாக விரிகிறது. எலிகள் சட்டை அணிந்தாலும், ஓக் மரத்துக் கொட்டையை மாவாக்கி ரொட்டி சுட்டாலும், அவற்றைச் சூழ்ந்துள்ள செடியும் பூச்சியும் காட்டில் உள்ளபடியே இருக்கின்றன. கற்பனைக்கும் உண்மைக்கும் அவர் வகுத்துக்கொண்ட இந்த எல்லையையே நான் மிகவும் மதிக்கிறேன்.

1939-இல் டோக்கியோவில் பிறந்த இவாமுரா, 1975-இல் குடும்பத்தோடு தொச்சிகி மாவட்டத்தின் மஷிகோவுக்குக் குடிபெயர்ந்தார். மட்பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற அந்த ஊரைச் சுற்றிலும் இருப்பது அடர்வனம் அன்று. ஜப்பானியர் 'சோகிபாயாஷி' என்றழைக்கும் ஊர்ப்புறத் தோப்புக்காடு. விறகுக்கும் கரிக்கும் உழவர்கள் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்ட, அடிக்கட்டையிலிருந்து மரம் மறுபடி தழைக்கும்; சருகு வயலுக்கு உரமாகும்; வெட்டிய இடத்தில் வெயில் தரைவரை இறங்குவதால் சிறு பூக்கள் மலரும். எலிக்குடும்பத்தின் காட்டில் அச்சமோ இருளோ சூழாமல், வீட்டுக் கொல்லையின் நெருக்கம் தெரிவதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

புத்தகத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 1998-இல், அதே மாவட்டத்தின் பாதோ என்னும் ஊரில், குன்றின்மேல் ஒரு படப்புத்தக அருங்காட்சியகம் அமைத்தார். மூல ஓவியத்தைப் பார்த்த குழந்தை வெளியே வந்து அதே புல்லையும் வெட்டுக்கிளியையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சுற்றியுள்ள காட்டையும் வயலையும் அதனோடு சேர்த்துக்கொண்டார். 2024 டிசம்பரில், தம் 85-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இவ்வரிசையில் என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது, 1988-இல் வந்த நிலாப் பார்த்தல் நூல். இலையுதிர்கால முழுநிலவைக் காண எலிகள் உயர்ந்த மரத்தின்மேல் பரண் கட்டுகின்றன. பக்கம் புரளப் புரளச் சூரியன் சாய்கிறது, வானம் சிவந்து மங்குகிறது, பதினான்கு பேரும் ஒரே திசை நோக்கி அமர்ந்திருக்கிறார்கள். பிறகு மெல்ல, மலைக்கு மேலே, நிலா.